காருக்கு எந்தக் காஸ் அடிப்பது? எரியும் காஸையும் எரியாத காஸையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

கச்சான் வீசத் தொடங்கியதும் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் வாகன ஏசி பார்க்கிற கராஜ்களுக்கு ஓய்வில்லை. வருகிறவர்களில் பெரும்பாலானோர் சொல்வது ஒன்றேதான்: "கூல் காணாது, காஸ் அடிச்சு விடுங்க." முன்பு இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. கார் கம்பனி போட்ட அதே ஆர்-134ஏ காஸை அடித்துவிடுவார்கள். இப்போது வேறு யோசனைகளும் வருகின்றன. புரொப்பேனும் ஐசோபியூட்டேனும் கலந்த ஐதரோகாபன் காஸை அடித்தால் செலவு குறையும், கூலும் கூடும், பெற்றோலும் மிஞ்சும் என்கிறார் ஒருவர். இன்னொருவர் அண்மையில் இறக்கிய காரைக் கொண்டுவந்து பொனட்டைத் திறக்கிறார். உள்ளே ஆர்-1234வைஎஃப் என்ற ஸ்டிக்கர், பக்கத்தில் நெருப்புச் சுவாலைப் படம். "கம்பனியே எரியிற காஸைப் போடுதுதானே, அப்ப நாங்க போட்டா என்ன?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

நியாயமான கேள்விதான். வாகன ஏசி வேலையே என் தொழில் என்பதால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்-134ஏ உடன் வந்த காருக்கு லீக்கைத் தேடி அடைத்துவிட்டு, திரும்பவும் ஆர்-134ஏ தான் அடிக்க வேண்டும். ஆர்-1234வைஎஃப் உடன் வந்த காருக்கு அதே காஸ்தான். ஐதரோகாபனை, அதற்கென்று வடிவமைக்காத எந்தக் காருக்கும் வானுக்கும் அடிக்கக் கூடாது. இதில் கடைசி வரியைத்தான் நம் ஆட்கள் ஏற்க மறுக்கிறார்கள். அதனால் அதற்குத்தான் இங்கே அதிக இடம்.

எரிவதிலும் படிகள் உண்டு

குளிரூட்டும் காஸ்களை நச்சுத்தன்மை, எரியும் தன்மை என்ற இரண்டையும் பார்த்துச் சர்வதேச அளவில் வகுத்திருக்கிறார்கள். ஆர்-134ஏ, பழைய ஆர்-12, காபனீரொட்சைட்டு மூன்றும் ஏ1. சாதாரண நிலைமையில் சுவாலை பரவாது என்று பொருள். ஆர்-1234வைஎஃப், ஏ2எல். எரியும், ஆனால் மிக மெதுவாக. புரொப்பேனும் ஐசோபியூட்டேனும் ஏ3. அடுப்பில் எரிகிற காஸும் இந்தக் குடும்பம்தான்.

ஏ2எல்லுக்கும் ஏ3க்கும் உள்ள தூரம் ஈர விறகுக்கும் காய்ந்த தென்னோலைக்கும் உள்ள தூரம். இரண்டும் எரியும் என்பது உண்மை, ஆனால் அடுப்படியில் நிற்கிற யாரும் இரண்டையும் ஒன்றாக நினைக்க மாட்டார்கள். புரொப்பேன் காற்றில் 2.1 சதவீதம் கலந்தாலே பற்றும். ஐசோபியூட்டேனுக்கு 1.8 சதவீதம் போதும். ஆர்-1234வைஎஃப் பற்ற 6.2 சதவீதம் வேண்டும். புரொப்பேனின் சுவாலை செக்கனுக்கு ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் வேகத்தில் பரவும், மற்றதன் சுவாலை 1.5 சென்ரிமீற்றரில் ஊரும்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது பற்றவைக்கத் தேவையான பொறியின் பலம். புரொப்பேனுக்கு 0.25 மில்லிஜூல் போதும். சீற்றில் உரசி இறங்கும்போது கதவுப் பிடியில் விரல் பட்டு ‘சுள்’ என்று அடிக்குமே, அந்தப் பொறிக்கே அதைவிடப் பலம் அதிகம். ஆர்-1234வைஎஃப் பற்ற 5,000 மில்லிஜூலுக்கு மேல் தேவை. உடம்பின் நிலைமின் பொறியோ, புளோவர் மோட்டரின் தூரிகைப் பொறியோ, ரிலே போடும் சின்னப் பொறியோ அதைப் பற்றவைக்காது. அதற்குத் திறந்த சுவாலை, பெரிய மின்வில், அல்லது மிகச் சூடான உலோகம் வேண்டும்.

ஆகவே "கம்பனியே எரியிற காஸைப் போடுதுதானே" என்ற வாதம் இந்த இடத்திலேயே பாதி உடைந்துபோகிறது. மீதிப் பாதியைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

காருக்குள்ளே எவ்வளவு காஸ் வந்தால் ஆபத்து?

ஒரு சின்னக் கார், வேகன் ஆர் அளவு என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ 2.5 கன மீற்றர், அதாவது 2,500 லீற்றர். ஐதரோகாபன் பாரம் குறைந்த காஸ் என்பதால் ஆர்-134ஏ அடிக்கும் நிறையில் மூன்றிலொரு பங்கு, கொஞ்சம் கூட என்றால் சரி. 150 கிராம் என்று கொள்வோம். "வெறும் 150 கிராம்தானே" என்றுதான் விற்கிறவர்களும் சொல்வார்கள். ஆனால் அந்த 150 கிராமும் நம்மூர் வெப்பத்தில் ஆவியானால் 75 முதல் 85 லீற்றர் வரை காஸாகும். 2,500 லீற்றரில் அது 3 சதவீதத்துக்கு மேல். பற்றுவதற்கு 2 சதவீதம் போதும் என்று பார்த்தோம். அதாவது 100 கிராம் உள்ளே கொட்டினாலே காரின் முழுக் காற்றும் பற்றும் நிலைக்கு வந்துவிடும். அது காற்றை விடப் பாரமான காஸ் வேறு. கால் வைக்கும் இடத்தில் தேங்கும். அங்கே செறிவு இன்னும் சீக்கிரம் ஏறும்.

அதே காரில் 450 கிராம் ஆர்-1234வைஎஃப் இருந்து முழுவதும் உள்ளே கொட்டினாலும் 100 லீற்றருக்குக் கிட்டத்தான் வரும். 4 சதவீதத்தைத் தாண்டாது. 6.2க்கு இன்னும் தூரம் இருக்கிறது. லீக்கான துவாரத்தின் வாயில் கொஞ்ச நேரம் செறிவு கூடலாம், அவ்வளவுதான். இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் கார் செய்கிறவர்கள் அந்தக் காஸை ஒத்துக்கொண்டார்கள்.

காஸ் எப்படி உள்ளே வரும் என்றும் கேட்க வேண்டும். நம் கார்கள் எல்லாவற்றிலும் கூலிங் கொயில் டாஷ்போர்ட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது. புளோவர் காற்றை அதன் மேலாக ஊதி நேரே முகத்தில் அடிக்கிறது. நடுவில் வேறு தடுப்பு இல்லை. கொயிலில் ஓட்டை விழுந்தால் காஸ் வந்து சேரும் இடம் நாம் இருக்கும் இடம்தான். ஏசி ஓடும்போது கொயிலில் 2 பார் அளவுதான் அமுக்கம் இருக்கும். ஏசியை நிறுத்தி, காரைக் கல்லடிக் கடற்கரையில் வெயிலில் விட்டுப் போனால் அது 7, 8 பாருக்கு ஏறும். கண்ணாடிகளைப் பூட்டிவிட்டுக் கார் சும்மா நிற்கும்போதுதான் கொயில் அதிகம் முட்டிக்கொண்டிருக்கிறது. திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் முதலில் சுழல்வது புளோவர் மோட்டர்.

இதில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். லீக் எல்லாமே இப்படி நடப்பதில்லை. பெரும்பாலானவை ஓரிங்கிலும் ஹோஸிலும் மாதக் கணக்கில் மெதுவாகக் கசிகிறவை, அதுவும் பொனட்டுக்குக் கீழே. அந்தக் காஸ் காற்றோடு போய்விடும், எதையும் பற்றவைக்காது. ஆஸ்திரேலியாவில் 1990கள் முதல் ஐதரோகாபன் அடித்த கார்கள் ஓடுகின்றன. ஆகவே அடித்த மறுநாள் வெடிக்கும் என்று யாரையும் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. என் கவலை அந்த அரிதான நாளைப் பற்றியது: முன்பக்கம் மோதி டாஷ்போர்ட் நொறுங்கும் நாள், அல்லது துருவேறிய கொயில் இரவோடு இரவாகப் பிளக்கும் நாள். காருக்குள் சிகரெட் பற்றவைப்பவர் உண்டு. டாஷ்போர்ட்டில் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டு வண்டியை எடுப்பவரும் உண்டு. ஆர்-134ஏ இருக்கும் கார் அந்த நாளில் கூலை மட்டும் இழக்கும்.

"பிரிஜ்ஜுக்குள்ள இருக்கிறதும் அதுதானே?"

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. சரிதான், இப்போது வரும் வீட்டுப் பிரிஜ்களில் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுப் பிரிஜ்ஜுக்கு சர்வதேச நியமம் வைத்திருக்கும் உச்ச அளவு 150 கிராம். பல பிரிஜ்களில் அதில் பாதிகூட இருக்காது. குழாய்கள் ஒட்டிப் பூட்டியவை, கம்பிரெசரின் மோட்டரே மூடிய பானைக்குள் இருக்கிறது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அச்சு இல்லை. பிரிஜ் அசையாமல் நிற்கிறது. 30 கன மீற்றர் குசினியில் 150 கிராமும் கொட்டினாலும் அரை சதவீதம் கூட வராது.

காரில் நிலைமை வேறு. இறப்பர் ஹோஸ்கள், ஸ்க்ரூ போட்ட பொருத்துகள், பெல்ட் சுற்றும் அச்சின் சீல், ரோட்டுக் குலுக்கம், எஞ்சின் சூடு. காத்தான்குடியானாலும் திருக்கோவிலானாலும் நம் கரையோரத்தில் இதோடு உப்புக் காற்றும் சேர்கிறது. காரின் முன்னால் இருக்கும் கொண்டென்சரின் கீழ் விளிம்பைக் கழுவிப் பாருங்கள். அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிரும். அதற்குள் ஒரு சிறு வட்டத்தில் மட்டும் தூசி கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டியிருந்தால் லீக் அங்கேதான். காஸ் போகும்போது கம்பிரெசர் எண்ணெயையும் கொஞ்சம் கொண்டுபோய் அந்த இடத்தில் விட்டுவிடும். கடலுக்குத் தூரத்து ஊர்க் கார்களை விட நம் கார்கள் காஸ் இழப்பது அதிகம் என்றால் அதற்கு முதல் காரணம் இந்தக் கடல்தான். லீக்காகும் என்று தெரிந்த வண்டிக்கு எரியும் காஸைத் தேர்ந்தெடுப்பது என் மனதுக்கு ஒத்துவரவில்லை.

வானுக்கும் ஹைபிரிட்டுக்கும் கூடுதல் எச்சரிக்கை

காத்தான்குடிப் பக்கத்து வான்காரர் ஒருவர் கேட்டார்: "தம்பி, மத்தக் காஸ அடிச்சு விடுங்களன். விலையும் குறைவு, கூலும் நல்லமெண்டு சொல்றாங்க." நான் சொன்னது இதுதான்: "காக்கா, உங்கட வானுக்குப் பின்னுக்கும் ஒரு கொயில் இருக்கு. ராவைக்கு பன்னிரண்டு பேரை ஏத்திக்கொண்டு கண்ணாடியெல்லாம் பூட்டி எயார்போட்டுக்குப் போறீங்க. எல்லாரும் நித்திரை. அந்தக் கொயில் அவங்கட தலைக்கு மேலதான் கா இருக்கு."

ஹையேஸ் போன்ற இரட்டை ஏசி வான்களில் காஸின் அளவும் காரைப் போல் இரண்டு மடங்குக்குக் கிட்ட வரும். பின்பக்கக் கொயிலுக்குப் போகும் நீளக் குழாய் வண்டியின் அடிப்பக்கமாக ஓடுகிறது. சேறும் உப்பும் கல்லடியும் பட்டு அரிப்பது பெரும்பாலும் அந்தக் குழாய்தான். ஆட்களை ஏற்றி இறக்கும் வானுக்கு ஐதரோகாபன் அடிப்பதை நான் எந்த விலைக்கும் செய்ய மாட்டேன்.

பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்களின் விடயம் வேறு. அவற்றின் கம்பிரெசர் பெல்ட்டில் சுற்றுவதில்லை, உயர் வோல்ட் மின்சாரத்தில் ஓடுகிறது. பழைய பிரியஸின் பெரிய பட்டரி 201.6 வோல்ட். மோட்டரின் சுற்றுகள் காஸிலும் எண்ணெயிலும் நனைந்தபடியே இருப்பதால் மின்காப்புள்ள தனி எண்ணெய் வேண்டும். சாதாரணக் காருக்குப் போடும் எண்ணெய் சிறிதளவு கலந்தாலே மின்காப்புக் குறைந்து, வண்டி கோளாறு காட்டி நின்றுவிடலாம். உள்ளே ஒட்சிசன் இல்லாததால் கம்பிரெசருக்குள் எதுவும் எரியாது என்பது சரிதான். ஆனால் எண்ணெய் கலந்த, தரம் தெரியாத ஒரு காஸ் டின்னை அந்த அமைப்புக்குள் திறப்பது கம்பிரெசரையே பணயம் வைக்கிற வேலை. ஹைபிரிட்டுக்கு வேறு காஸ் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.

சமையல் காஸை அடிக்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் மணத்துக்காகக் கந்தகச் சேர்வை கலந்திருக்கிறார்கள். ஈரமும் இருக்கலாம். புரொப்பேனும் பியூட்டேனும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பது சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறலாம். 2021 கடைசியில் நாடு முழுவதும் சமையல் காஸ் விபத்துகள் நடந்தபோது இந்தக் கலவை விகிதம்தான் பெரிய பேச்சாக இருந்தது. அந்தச் சிலிண்டரிலிருந்து கார் ஏசிக்கு ஒரு குழாயை இழுக்கிறவர், வண்டிக்காரருக்குத் தெரியாமல் அவருடைய உயிரோடு விளையாடுகிறார்.

ஐதரோகாபனின் நல்ல பக்கம்

இருக்கிறது, மறுக்க முடியாது. புரொப்பேன், ஐசோபியூட்டேன் கலவை வெப்பத்தை நன்றாக இழுக்கும், கம்பிரெசருக்குச் சுமையும் குறைவு. ஓசோனுக்குக் கேடில்லை, பூமி சூடாவதிலும் அதன் பங்கு மிகச் சிறிது. ஆர்-134ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால் 100 ஆண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டு 1,430 கிலோவுக்குச் சமம். சின்னக் காரின் 400 கிராம் வீணாகப் போனால் அரை தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட்டை விட்டதாக அர்த்தம். இது எனக்கும் உறுத்துகிற விடயம்தான்.

அதனால்தான் எரியும் காஸைக் காருக்குப் பாதுகாப்பாகக் கொண்டுவரும் வழியைப் பொறியியலாளர்கள் தேடுகிறார்கள். காஸ் முழுவதையும் பொனட்டுக்குக் கீழேயே வைத்துவிட்டு, அங்கே குளிர்ந்த தண்ணீர்க் கலவையை மட்டும் குழாய் வழியாக உள்ளே அனுப்புவது அந்த வழி. கொயில் உடைந்தாலும் உள்ளே வருவது தண்ணீர்தான். அப்படி வடிவமைத்த கார் நாளை வந்தால் ஐதரோகாபனை நானே சிபாரிசு செய்வேன். நாம் ஓட்டும் விட்ஸும் அல்டோவும் அப்படிச் செய்யப்பட்டவை இல்லை. அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகமை, ஆர்-12 இருந்த கார்களுக்கு எரியும் ஐதரோகாபன் கலவைகளை அடிப்பதை 1990களிலேயே தடை செய்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆர்-1234வைஎஃப்: பயமும் பதிலும்

ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. காபனீரொட்சைட்டை 1 என்று வைத்தால் பூமியைச் சூடாக்கும் அளவு 150க்கு மேற்பட்ட காஸ், 2011 முதல் புதிய மாதிரிக் கார்களிலும் 2017 முதல் எல்லாப் புதிய கார்களிலும் இருக்கக் கூடாது என்றது. ஆர்-1234வைஎஃப் பரவியது அதன்பின்தான். அதன் அளவு வெறும் 4.

2012 செப்டெம்பரில் மெர்சிடிஸ் பென்ஸ் தயாரிக்கும் டைம்லர் நிறுவனம் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. ஓடிச் சூடேறிய எஞ்சின் மேல் இந்தக் காஸும் கம்பிரெசர் எண்ணெயும் பீறிட்டபோது தீப்பற்றியது என்றார்கள். இந்தக் காஸ் தானாகப் பற்றும் வெப்பநிலை ஏறத்தாழ 405 பாகை செல்சியஸ். டேர்போவும் எக்ஸோஸ்ட் குழாயும் அதைத் தாண்டிச் சூடாகக் கூடியவை. பெரிய சர்ச்சையானது. ஜேர்மனியின் வாகன அதிகாரசபையும் சோதனை நடத்தியது. 2014இல் ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் அந்தச் சோதனைகளை அலசிவிட்டு, பாரதூரமான ஆபத்துக்கு ஆதாரம் இல்லை என்றது. பின்பு மெர்சிடிஸும் இதே காஸுக்கு வந்தது. ஆனால் பெரிய விபத்து நடந்தால் சூடான பாகங்களின் மேல் ஆகன் வாயுவை விசிறும் தனி அமைப்போடு வந்தது. எரியும் காஸை ஒத்துக்கொள்வது என்றால் அதற்கேற்ற ஏற்பாட்டோடு ஒத்துக்கொள்வது என்பதற்கு இது நல்ல சாட்சி.

எரிந்தால் ஐதரசன் புளோரைட்டு என்ற கொடிய புகை வரும் என்பது உண்மை. ஆனால் ஆர்-134ஏயும் நெருப்பில் பட்டால் அதே புகையைத் தரும். இரண்டில் எது இருந்தாலும் தீப்பிடித்த வண்டியின் புகைக்குள் நிற்க வேண்டாம். ஏசிக் குழாய்க்குப் பக்கத்தில் வெல்டிங் பிடிக்க வேண்டுமானால் முதலில் காஸை மெஷினில் இழுத்தெடுத்துவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இதன் உண்மையான சிக்கல் விலையும் கிடைப்பதும்தான். ஆர்-134ஏயைப் போல் பல மடங்கு விலை. அதனால் அடாப்டர் பூட்டி ஆர்-134ஏ அடித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். தீயைப் பொறுத்தவரை அதனால் ஆபத்துக் கூடாது. ஆனாலும் நான் செய்வதில்லை. வண்டியின் ஸ்டிக்கர் ஒன்றைச் சொல்ல உள்ளே இன்னொன்று இருக்கும். அடுத்த கராஜின் மெஷினும் சிலிண்டரும் கலப்புக் காஸால் கெடும். காரின் அளவுகளும் கட்டுப்பாடும் மற்றக் காஸுக்கென்று அமைத்தவை.

காபனீரொட்சைட்டைப் பற்றிச் சுருக்கமாக. சில மெர்சிடிஸ், வொக்ஸ்வாகன் மாதிரிகளில் அது இருக்கிறது. எரியாது. ஆனால் 31 பாகைக்கு மேல் அது திரவமாகாது என்பதால் நம்மூர் வெயிலில் அதற்குப் பெரும்பாடு. அமுக்கமும் 100 பாரைத் தாண்டும். 450 கிராமும் பூட்டிய காருக்குள் கொட்டினால் காற்றில் 10 சதவீதம் வரும், மயங்கிவிழப் போதுமான அளவு. அதற்குரிய பாகங்கள் எல்லாமே வேறு என்பதால் பழைய காருக்கு மாற்றும் பேச்சே இல்லை.

எரியாத காஸிலும் கவனம்

ஆர்-134ஏ எரியாது என்பது சாதாரண அமுக்கத்தில்தான். அமுக்கிய காற்றோடு கலந்தால் அதுவும் பற்றக் கூடிய நிலைக்கு வரும். டயருக்குக் காற்றடிக்கும் கம்பிரெசரை ஏசிக்குப் பூட்டி லீக் பார்க்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைக் கண்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். உள்ளே ஐதரோகாபன் மிச்சமிருக்கும் வண்டியாக இருந்தால் அது நேரடியான வெடிகலவை. லீக் பார்ப்பதற்கு நைதரசன்தான் சரி.

போலிக் காஸ் இன்னொரு ஆபத்து. 2011இல் கப்பல்களில் போகும் குளிர்க் கொள்கலன்கள் சில வெடித்து ஆட்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் மெதைல் குளோரைட்டு கலந்த காஸ் அடித்திருந்தது தெரியவந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே பற்றும் ஒரு சேர்வையை உண்டாக்கும். கார் ஏசியில் பாதி அலுமினியம்தான். சந்தை விலையை விட மிகக் குறைவாக, லேபல் மங்கிய டின்னில் ஆர்-134ஏ கிடைத்தால் வாங்காதீர்கள்.

எந்த வண்டியில் என்ன காஸ் என்ற குறிப்பு இல்லாமல் போவது எவ்வளவு பாரதூரம் என்பதற்கு நியூசிலாந்தில் ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது. 2008 ஏப்ரல் 5ஆம் திகதி, தமாஹேரே என்ற இடத்தில் ஒரு குளிர்களஞ்சியத்தில் மணி அடித்ததைக் கேட்டுத் தீயணைப்பு வீரர்கள் போனார்கள். உள்ளே இருந்தது மணமில்லாத, புரொப்பேன் அடிப்படையிலான காஸ் என்பது அவர்களுக்குத் தெரியாது. வெடித்தது. ஒருவர் உயிரிழந்தார், ஏழு பேர் காயப்பட்டார்கள். அது காரல்ல, அளவும் மிகப் பெரியது. ஆனால் எந்தக் காஸ் என்று தெரியாமல் வேலைக்குக் கை வைப்பவரின் நிலைமை கராஜிலும் அதுதான். ஏற்கனவே ஐதரோகாபன் அடித்த காரை விற்கும்போது வாங்குகிறவருக்கும் கராஜுக்கும் அதைச் சொல்லாமல் விடுவது பெரிய தவறு.

இனி என்ன செய்யலாம்

காஸ் அடிப்பதற்கு முன் லீக்கைத் தேடச் சொல்லுங்கள். "முதல்ல காஸ் அடிச்சுப் பாப்பம்" என்றால் நீங்கள் காசைக் காற்றில் விடப்போகிறீர்கள். நைதரசன் ஏற்றி, சவர்க்கார நுரை போட்டு, கொண்டென்சர் கீழ் விளிம்பு, ஹோஸ் பொருத்துகள், கம்பிரெசர் அச்சு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அடைத்த பிறகு வெக்யூம் போட்டு வைத்து, முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். காஸை கேஜ் முள்ளைப் பார்த்து அடிக்காமல், பொனட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்குப்படி தராசில் நிறுத்து அடிக்க வேண்டும். லீக்கை ஒழுங்காக அடைத்த காரில் அந்த ஆர்-134ஏ பல வருடம் நிற்கும். ஐதரோகாபனால் மிஞ்சுவதாகச் சொல்லும் பணம் வருடத்துக்கு வருடம் காஸ் அடிப்பதால் வரும் கணக்கு. லீக்கே இல்லையென்றால் அந்தக் கணக்குக்கு இடமில்லை.

உங்கள் காரில் ஏற்கனவே ஐதரோகாபன் இருந்தால் பதறத் தேவையில்லை, ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். எரியும் காஸுக்குரிய கருவி வைத்திருப்பவரிடம், திறந்த வெளியில், பட்டரியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் நெருப்போ வெல்டிங்கோ இல்லாத இடத்தில் எடுத்துவிட வேண்டும். சாதாரண ஆர்-134ஏ மெஷினில் இழுக்கக் கூடாது, அந்த மெஷினின் மோட்டரும் ஸ்விச்சும் எரியும் காஸுக்கென்று செய்தவை அல்ல. எடுத்தபின் நைதரசனால் கழுவி, வெக்யூம் போட்டு, ஆர்-134ஏ அடித்து, பழைய காஸின் பெயர் எங்காவது ஒட்டியிருந்தால் அதைக் கிழித்துவிடுங்கள்.

2020இல் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிட்டது. அந்த இடைவெளியில் ஜப்பானில் பல மாதிரிகள் ஆர்-1234வைஎஃப்புக்கு மாறிவிட்டன. பூமியைச் சூடாக்கும் இத்தகைய காஸ்களைக் குறைப்பதற்கான சர்வதேச உடன்பாடான கிகாலித் திருத்தத்தை இலங்கை 2018இல் ஏற்றது. அதன்படி ஆர்-134ஏ போன்ற காஸ்களின் பாவனை 2024 முதல் உச்சவரம்புக்குள் வந்து, 2029இல் 10 சதவீதமும் 2045க்குள் 80 சதவீதமும் குறைய வேண்டும். ஆகவே இப்போது கார் வாங்கப் போகிறவர் மைலேஜைப் பார்க்கிற அதே நேரத்தில் பொனட்டைத் திறந்து காஸ் ஸ்டிக்கரையும் பாருங்கள். ஆர்-1234வைஎஃப் என்றால் அந்தக் காஸை நிறுத்து அடிக்கக் கூடிய, அதற்குரிய மெஷின் வைத்திருக்கும் கராஜ் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ எது என்று காசு கொடுக்க முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். பாவித்த கார் என்றால் காஸை இனங்காணும் கருவி வைத்திருப்பவரிடம் ஒருமுறை காட்டுங்கள். சிறு மாதிரியை இழுத்து, உள்ளே ஐதரோகாபன் இருக்கிறதா, எத்தனை சதவீதம் என்பதைச் சில நிமிடத்தில் அது எழுதிக் காட்டிவிடும்.